மின் சக்கரம் இழுக்கவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை அகலுக்கும் பொங்கல் பானைக்கும் வேலை சூடு பிடிக்கும் மாதங்களில் பழுதுக்கு வரும் மின் குயவர் சக்கரங்களும் கூடிவிடும். "மோட்டார் போயிடுச்சு" என்றுதான் பெரும்பாலும் கொண்டுவருகிறீர்கள். பிரித்துப் பார்த்தால் பல நேரம் மோட்டார் நன்றாகவே இருக்கும். கோளாறு பெல்ட்டிலோ, பெல்ட் ஓடும் சிறு சக்கரமான புல்லியின் திருகிலோ, சுழலும் தண்டை (ஷாஃப்ட்) தாங்கும் பேரிங்கிலோ கிடக்கும். மோட்டாரின் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்ற (காயில் கட்ட) கொடுத்துக் காசைச் செலவழிக்கும் முன், கோளாறு எந்த இடத்தில் என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பெல்ட்டில் ஓடும் சக்கரங்களுக்காக இதை எழுதுகிறோம்.

மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

மண்ணை நடுவில் நிறுத்த அழுத்தும்போது சக்கரம் வேகம் குறைந்து தளர்கிறது என்பதுதான் அதிகம் வரும் புகார். இதற்கு ஒரே ஒரு சோதனை போதும். பக்க மூடியைக் கழற்றி வைத்து, பிளக்கை மறுபடி மாட்டி ஓட்டி, ஒருவர் மண்ணை அழுத்த, இன்னொருவர் எட்ட நின்று மோட்டார் புல்லியை மட்டும் பார்க்க வேண்டும். முந்தானை, துப்பட்டா, கூந்தல் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. மண் வைக்கும் தட்டு தளரும்போது மோட்டாரில் உள்ள சின்ன புல்லி அதே வேகத்தில் ஓடினால் பெல்ட் வழுக்குகிறது. மோட்டார் ஷாஃப்ட் சுற்றுகிறது, புல்லி அதோடு சேர்ந்து வரவில்லை என்றால் புல்லியை ஷாஃப்ட்டில் பிடித்து வைக்கும் சிறு திருகு (கிரப் ஸ்க்ரூ) கழன்று தளர்ந்திருக்கிறது. புல்லியும் தட்டோடு சேர்ந்து தளர்ந்தால் மட்டுமே மோட்டாரையும் மின்சாரத்தையும் சந்தேகப்படலாம். அப்போதும் முதலில் எக்ஸ்டென்ஷன் வயரைக் கழற்றிவிட்டு, நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். நீளமான மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறுவது சாதாரணமாக நடப்பது. 1.5 சதுர மி.மீ.க்குக் குறைந்த வயர் வேண்டாம்.

பெல்ட் வழுக்கினால் அதை இன்னும் இறுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அவசரப்படாதீர்கள். வி-பெல்ட் (பக்கங்கள் சரிந்த பெல்ட்) பிடிப்பது இரண்டு பக்கச் சரிவுகளால்தான், அடிப்பக்கத்தால் அல்ல. 'ஏ' வகை பெல்ட்டின் மேல் அகலம் 13 மி.மீ. அதன் மேற்பரப்பு ஏறக்குறைய புல்லியின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். தேய்ந்த பெல்ட் உள்ளே இறங்கிப் பள்ளத்தின் அடியைத் தொடும். பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் அதுதான் அடையாளம். அதை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும். பெல்ட் நன்றாக இருந்தால் பக்கங்களையும் புல்லியையும் உலர்ந்த துணியால் துடைத்து, காய்ந்த சேற்றை எடுத்துவிட்டு, பிறகு இறுக்கத்தைப் பாருங்கள். இரண்டு புல்லிக்கும் இடையே பெல்ட் 20 செ.மீ. நீளம் இருந்தால், நடுவில் விரலால் ஓரளவு அழுத்தும்போது 3 மி.மீ. இறங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங்தான் சாகும். சோப்பு, குங்கிலியம், ஸ்பிரே எதையும் பெல்ட்டில் தடவ வேண்டாம். அன்றைக்குப் பிடிக்கும், பிறகு தூசியைச் சேர்த்து ரப்பரைக் கெடுக்கும்.

புல்லியின் கிரப் ஸ்க்ரூ தளர்ந்தால், சக்கரத்தைக் கிளப்பும்போதும் திசை மாற்றும்போதும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஷாஃப்ட்டைச் சுற்றித் துருநிறப் பொடி உதிர்ந்திருக்கும். எம்6 திருகானால் 3 மி.மீ. ஆலன் கீ. திருகைக் கழற்றி எண்ணெய் போகத் துடைத்து, திருகு கழலாமல் பிடிக்கும் பசையான திரெட் லாக்கர், நீலநிற வகை, ஒரு சொட்டு விட்டு முறுக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். சிவப்பு வகை வேண்டாம், அடுத்த முறை கழற்றவே முடியாது.

சத்தத்தின் இடத்தைக் கண்டுபிடிக்கத் தட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு மெதுவாக ஓட்டுங்கள். கோடு ஒரே இடத்துக்கு வரும்போதெல்லாம் அடித்தால் தட்டு, பெரிய புல்லி அல்லது அந்த ஷாஃப்ட். ஒரு சுற்றுக்குப் பலமுறை அடித்தால் மோட்டார் புல்லி. 2 அங்குலத்துக்கு 12 அங்குலப் புல்லி என்றால் ஆறு முறை. சத்தம் கோட்டைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிப் போனால் பெல்ட். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற சக்கரத்தில் பெல்ட் ஒரே வளைவில் படிந்து இப்படித் தட்டும். கால் மணி நேரம் சும்மா ஓடவிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

'நறநற' என்றால் பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். அப்போதும் கையில் உறுத்தினால் பேரிங்கில் சேறு போயிருக்கிறது. அதில் மண்ணெண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ அடிக்க வேண்டாம். மிச்சமிருக்கும் கிரீஸும் கரைந்து போகும். புதிது வாங்கும்போது எண்ணோடு '2ஆர்எஸ்' என்று கேளுங்கள். 6205 என்றால் 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு, வெளி விட்டம் 52. 2ஆர்எஸ் இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ளது; இரும்பு மூடி போட்ட 'இஸட் இஸட்' தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் படும் அளவுக்கு ஒரு பைப் வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் அடித்தால் புது பேரிங் அன்றே கெடும்.

தட்டு ஆடுகிறது என்றால் முதலில் அதைத் தூக்கி அடியில் காய்ந்த மண் இருக்கிறதா என்று பாருங்கள். அரிசி அளவு கட்டி போதும், விளிம்பு ஆடும். சுத்தம் செய்தும் ஆடினால் எதிரெதிர் விளிம்புகளைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்றால் பேரிங் தாங்கியின் போல்ட்டை இறுக்குங்கள். அப்படியும் நிற்காவிட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

டி.சி. மோட்டாரானால் கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) நீளத்தில் புதியதன் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பெடலிலிருந்து காலை எடுத்தும் சக்கரம் மெல்ல ஊர்ந்தால் பெடலின் அடியில் மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

தட்டைத் தொட்டால் லேசாகக் கூட 'சுர்' என்று இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஈரக் கையோடு செய்யும் வேலை இது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே ஓட்டுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்தியே சொல்கிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடாவிட்டால் சத்தத்தைப் பதிவு செய்து, மோட்டாரின் பெயர்த்தகட்டையும் பெல்ட் எண்ணையும் படம் எடுத்து அனுப்புங்கள். 'ஏ 42' என்றிருந்தால் 'ஏ' வகை, உள்நீளம் 42 அங்குலம். எண் அழிந்திருந்தால் பழைய பெல்ட்டையே கையோடு கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பழுதுபார்க்கும் பிரிவு