டிரான்ஸ்பாண்டர் வாடகை வரி: மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரியத் தலைவர் மற்றும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்னையில் தொலைக்காட்சி சேனல்களுக்குக் கணக்கு பார்க்கும் ஆடிட்டர் நான். சேனலின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் செயற்கைக்கோள் கருவிதான் டிரான்ஸ்பாண்டர். வெளிநாட்டுச் செயற்கைக்கோள் நிறுவனங்கள் நம் சேனல்களிடம் வாங்கும் டிரான்ஸ்பாண்டர் வாடகைக்கு வரி வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பார்க்கிறவர்கள் இங்கே, விளம்பரப் பணம் இங்கே. இந்தியாவுக்கு ஒரு பங்கு வரத்தான் வேண்டும். ஆனால் இன்றைய முறையில் அந்தப் பங்கு நம் சேனலின் பையிலிருந்துதான் போகிறது.

எந்த வரி வந்தாலும் வாடகை குறையாமல் வந்து சேர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை வைத்துவிடுகிறார்கள். இந்த வாடகையை ராயல்டி, அதாவது ஒரு தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தக் கொடுக்கும் கட்டணம், என்று வரித்துறை பார்க்கிறது. வரி உடன்படிக்கை (ஒரே வருமானத்துக்கு இரு முறை வரி விழாமல் இரு நாடுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தம்) இல்லாத நாட்டு நிறுவனம் என்றால் ராயல்டி வரி 2023 முதல் 20 சதவீதம். 100 டாலர் வாடகையில் 20 பிடித்துக்கொண்டு 80 அனுப்ப முடியாது. நூறும் போகும். சேனல் கட்டிக்கொடுக்கும் வரியும் அவர்கள் வருமானத்தில் ஏறுவதால் தொகை 125 ஆகிறது, வரி 25. சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகள் தனி. சரி, இது ராயல்டியே இல்லை என்று நம்பி டிடிஎஸ் (பணம் அனுப்பும்போதே பிடிக்க வேண்டிய வரி) பிடிக்காமல் விட்டால்? மொத்த வாடகையையும் செலவாக ஏற்க வரி அதிகாரிகள் மறுத்துவிடுகிறார்கள். நஷ்டத்தில் ஓடும் சேனலுக்கு, ஏட்டில் மட்டும் லாபம் வந்துவிடும்.

நம்புவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. செயற்கைக்கோளை இயக்குவதும் கட்டுப்படுத்துவதும் அந்த நிறுவனமே, ஆகவே இது ராயல்டி ஆகாது என்று 2011-இல் ஏசியாசாட் என்ற வெளிநாட்டுச் செயற்கைக்கோள் நிறுவனத்தின் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே நிதிச் சட்டம் செயற்கைக்கோள் வழி அனுப்புவதையும் ராயல்டிக்குள் கொண்டுவந்து, 1976 ஜூன் 1 முதல் செல்லும் என்றது. முப்பத்தாறு ஆண்டு பின்னோக்கி! 2016-இல் நியூ ஸ்கைஸ் என்ற இன்னொரு செயற்கைக்கோள் நிறுவனத்தின் வழக்கில் அதே நீதிமன்றம், உள்நாட்டுச் சட்டத் திருத்தம் இன்னொரு நாட்டோடு செய்த உடன்படிக்கையை மாற்றாது என்றது. இடையில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் வெரைசான் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வழக்கில் பேண்ட்வித் (தரவு அனுப்பும் இணைப்பு) கட்டணத்தை ராயல்டி என்றது. அது செயற்கைக்கோள் வழக்கு இல்லைதான். ஆனாலும் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, தில்லித் தீர்ப்பை நம்புங்கள் என்று சேனல்காரரிடம் எந்தத் துணிச்சலில் சொல்வேன்?

செயற்கைக்கோள் வழி அனுப்புவதும் ராயல்டிதான் என்று வேண்டுமானால், அதை உடன்படிக்கையிலேயே எழுதி வாங்க முடியும். ஹங்கேரியுடன் அப்படித்தான் செய்தோம். மற்ற நாடுகளோடு பேசும்போது ராயல்டியைப் பிடித்துத் தொங்காமல், லாபத்தின் மீது வரி கேளுங்கள். செயற்கைக்கோள், ஏவுதல், காப்பீடு எல்லாம் பெரிய செலவு. அதைக் கழித்து, அந்த நிறுவனமே இங்கு கணக்கு தாக்கல் செய்து கட்டட்டும். இங்கே அலுவலகம் இல்லாவிட்டாலும் பெரிய அளவில் தொழில் நடந்தால் வரி போடலாம் என்கிற, கணிசமான பொருளாதார இருப்பு என்ற விதி நம் சட்டத்தில் ஏற்கெனவே உண்டு. உடன்படிக்கைகளில்தான் அதற்கு இடமில்லை.

பேச்சுவார்த்தைக்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை, உடன்படிக்கையை நம்பி வாடகை அனுப்பிய சேனலின் செலவை மறுக்கக் கூடாது என்று அதிகாரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். நிலுவையில் உள்ள வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆடிட்டர், சென்னை