பக் நாயா, பொமரேனியனா?

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. தில்லைநகரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிவிட்டீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அம்மா உன்னோடு வந்து இருக்க ஒப்புக்கொண்டது அதைவிடப் பெரிய செய்தி. அப்பா போன பிறகு அந்த லால்குடி வீட்டில் அம்மா தனியாக இருப்பதை நினைத்து நீ எவ்வளவு தவித்தாய் என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் நலம். பெரியவன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். சாப்பாட்டு நேரத்தில்தான் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நிலா பக் நாய் கேட்கிறாள். அம்மா பழைய வீட்டில் வளர்த்தது மாதிரி வெள்ளைப் பொமரேனியன்தான் வேண்டும் என்கிறார். எங்கள் வீட்டில் பக் இருப்பதால் நான் நிலாவுக்காகப் பேசுவேன் என்று குழந்தை நம்பிக்கொண்டிருப்பாள். ஆனால் நான் அம்மா சொல்வதைத்தான் ஆதரிக்கிறேன். காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், அவளுக்கும் வாசித்துக் காட்டு.

குணத்தை மட்டும் பார்த்தால் பக்குக்கு ஈடு இல்லை. எங்கள் லட்டு தேவையில்லாமல் குரைப்பதே கிடையாது. எந்தக் குழந்தை வந்து கட்டிப் பிடித்தாலும் பொறுத்துக்கொள்ளும். நான் சமையலறைக்குப் போனால் சமையலறைக்கு வரும், துணி காயப்போட மாடிக்குப் போனால் அங்கேயும் வரும். 2003-இல் ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே போகுமே ஒரு பக், அது நடிப்பு இல்லை, அந்த இனத்தின் சுபாவமே அதுதான். அந்த விளம்பரத்துக்குப் பிறகுதான் நம் ஊர்களில் எங்கே பார்த்தாலும் பக் குட்டி விற்க ஆரம்பித்தார்கள்.

பிரச்சினை அதன் முகத்தில் இருக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பக்குக்கு மூக்கு உள்ளே தள்ளிப் போயிருக்கிறது, நாசித் துவாரம் வெறும் கீற்றாக இருக்கிறது, மேலண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொண்டையை அடைக்கிறது. சும்மா இருக்கும்போதே மூச்சுக்குச் சிரமப்படுகிற நாய், திருச்சியின் கத்திரி வெயிலில் எப்படி உடம்பைக் குளிர்விக்கும்? அது குறட்டை விடுவதைக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். காற்றுப் பாதை அடைபடுகிற சத்தம் அது. அதைக் கேட்டால் எனக்குச் சிரிக்க முடியாது.

லட்டு எங்களிடம் வந்ததே இந்த மூக்கினால்தான். தம்பி மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போனபோது அதையும் கூட்டிப்போகத்தான் நினைத்தான். சப்பை மூக்கு நாய்கள் வழியில் மூச்சுத் திணறி இறந்துவிடும் அபாயம் அதிகம் என்பதால் பல விமான நிறுவனங்கள் அவற்றைச் சரக்குப் பகுதியில் ஏற்றுவதில்லை. அப்படித்தான் இங்கே விட்டுப் போனான். வெயில் காலத்தில் காலை ஆறு மணிக்குள் நடை முடிந்துவிட வேண்டும். மதியம் ஏசி ஓடியே ஆக வேண்டும், கரண்ட் போனால் ஈரத் துணியோடு பக்கத்தில் உட்கார வேண்டும். தினமும் முக மடிப்புகளைத் துடைத்து ஈரமில்லாமல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண்ணாகிவிடும். கண்கள் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் செடியில் உரசினாலும் கருவிழியில் புண். இரண்டு இட்லி கூடுதலாகக் கொடுத்தால் எடை ஏறும், எடை ஏறினால் மூச்சு இன்னும் கெடும். லண்டனில் உள்ள ராயல் வெட்டரினரி காலேஜ் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு நோயாவது வரும் வாய்ப்பு மற்ற நாய்களைவிட பக்குகளுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. குளிர் நாட்டிலேயே அப்படி.

லட்டு என் உயிர். அதை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் மனிதர்கள் அழகென்று நினைத்து இப்படி ஒரு முகத்தை உருவாக்கியது எனக்கு வேதனையாக இருக்கிறது. புதிதாக ஒரு குட்டியைக் காசு கொடுத்து வாங்கினால், இன்னொரு குட்டியை இதே முகத்தோடு பிறக்க வைக்கச் சொல்வதாகத்தானே ஆகும்?

பொமரேனியனுக்கு முகம் நரி முகம், மூக்கு கூர்மையாக நீண்டிருக்கும். அதனால் மூச்சு இரைத்தால் காற்று தாராளமாகப் போகும், வரும். அத்தனை முடியோடு இந்த ஊர் வெயிலை எப்படித் தாங்கும் என்று கேட்டிருந்தாய். அதுவும் வெயிலுக்குப் பிறந்த நாய் இல்லைதான். பால்டிக் கடலோரப் பொமரேனியா பகுதியின் பெயரைத் தாங்கியது, முன்னோர்கள் குளிர் நாட்டுப் பெரிய நாய்கள். விக்டோரியா மகாராணி 1888-இல் இத்தாலியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வளர்த்த பிறகுதான் சிறிய உருவத்துக்கு மவுசு வந்தது. மதியத்தில் மின்விசிறியும் குளிர்ந்த தரையும் இதற்கும் வேண்டும். வெயில் வந்ததும் மொட்டை அடிக்க மட்டும் விட்டுவிடாதே. அந்த இரட்டை அடுக்கு முடி வெயிலையும் கொஞ்சம் தடுக்கும். சிரைத்துவிட்டால் சிலவற்றுக்குப் பழையபடி வளர்வதே இல்லை. வாரத்துக்கு மூன்று நாலு தரம் நன்றாகச் சீவிவிட்டால் போதும்.

அம்மா வளர்த்த வெள்ளை நாய் அநேகமாக இந்தியன் ஸ்பிட்ஸாக இருக்கும். ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஸ்பிட்ஸ் நாய்களின் வழியில் இங்கேயே பெருகிய இனம் அது, நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்றே கூப்பிடுவார்கள். அசல் பொமரேனியன் 2, 3 கிலோதான் இருக்கும், இது அதைவிடப் பெரியது. தலைமுறை தலைமுறையாக நம் வெயிலிலேயே பிறந்து வளர்ந்தது. கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கு என்பேன். 'டீகப்' என்று சொல்லி உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறவர்களிடம் போகவே போகாதே. அப்படி ஓர் இனமே கிடையாது. நோஞ்சான் குட்டியைத்தான் அதிக விலைக்குக் கொடுப்பார்கள்.

குறை பொமரேனியனிலும் உண்டு. குரைக்கும், நன்றாகவே குரைக்கும். நீயும் அவரும் வேலைக்குப் போன பிறகு பகலில் அம்மா தனியாக இருப்பதால், வாசலில் யார் வந்தாலும் ஒரு சத்தம் கேட்பது அவருக்குத் தைரியம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக முதல் சில மாதங்களிலேயே பழக்க வேண்டும். குரைத்தவுடன் பிஸ்கட் கொடுத்துச் சமாதானப்படுத்தாமல், அமைதியான பிறகு கொடுங்கள். அப்புறம் எலும்பு மிக மெல்லியது. கட்டிலிலிருந்து குதித்தால் கால் முறியலாம், முழங்கால் சில்லு விலகுவதும் இந்த இனத்தில் சகஜம். நிலா தரையில் உட்கார்ந்துதான் கொஞ்ச வேண்டும், தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அது புரியும். கழுத்துப் பெல்ட்டும் வேண்டாம். மூச்சுக்குழாய் பலவீனமான இனம், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னெஸ்தான் சரி. பற்களும் சீக்கிரம் கெடும், குட்டியிலிருந்தே துலக்கிப் பழக்கு.

குட்டி பார்க்கப் போகும்போது தாய் நாயைக் காட்டச் சொல். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடு. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017 அரசு விதிகளிலேயே இருக்கிறது. விற்பவர் பதிவு செய்திருக்கிறாரா என்றும் கேள். வந்ததும் பூச்சி மருந்து, தடுப்பூசி எல்லாம் டாக்டர் சொல்லும் தேதியில் போட்டுவிடு. நம் பக்கம் உண்ணிக் காய்ச்சலும் பார்வோ என்ற வைரஸ் நோயும் குட்டிகளை வாரிக்கொண்டு போகின்றன. அம்மாவிடம் ஒன்றே ஒன்று அழுத்திச் சொல்: சாம்பார் சாதம் பிசைந்து வைக்கவே கூடாது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சையும் சாக்லெட்டும்கூட நாய்க்கு ஆபத்து.

தீபாவளிக்கு முன்னால் வாங்க வேண்டாம். புது வீட்டுக்கு வந்த குட்டி வெடிச் சத்தத்தில் மிரண்டால் அந்தப் பயம் வாழ்நாள் முழுக்க நிற்கலாம். கார்த்திகையில் வாங்கினால் கத்திரி வருவதற்குள் ஓரளவு வளர்ந்து, வீட்டுக்கும் பழகியிருக்கும். நிலாவுக்குப் பக் மேல் இருக்கும் ஆசை வீணாக வேண்டாம், அரைப் பரீட்சை லீவில் இங்கே அனுப்பு. லட்டுவின் முகத்தைத் துடைக்கும் வேலை அவளுடையது.

குட்டி முடிவானதும் எழுது. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
சித்ரா