நோகாத புண்ணும் இல்லாத விரலும்

விசுவமடு,
பங்குனி.

அன்பு மகளுக்கு,

நோவே தெரியாமல் பண்ணுகிற மருந்து வந்தால் போடுவீங்களோ அப்பா என்று போன கிழமை கேட்டாய். அந்த நேரம் லைன் அறுந்தது நல்லதாய்ப் போயிற்று.

முதலில் மிளகாய்க் கதை. படங்கில் செத்தல் காயப்போட வந்த பிள்ளைகளுக்கு நீ விளக்கினதை அப்படியே சொன்னேன். உறைப்பு ஏன் எரிகிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் ஆட்கள் 1997இல் கண்டுபிடித்தது. 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது. நரம்பு நுனியில் சின்னக் கதவு. 43 பாகையளவு சூடு பட்டால் திறக்கும், மிளகாயின் உறைப்புக்கும் அதே கதவுதான். நாங்கள் அந்தக் காலத்திலிருந்தே இரண்டையும் 'எரியுது' என்றுதானே சொல்கிறோம்! பறவைகளின் கதவு உறைப்புக்குத் திறவாது என்றதும் சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டா. தோட்டத்தில் கிளி கலைத்தே தொண்டை கட்டினவ அல்லவா. (ஊருக்கு நீ இன்னும் டொக்டர்தான். ஊசி போடாத டொக்டர் என்று விளக்க எனக்குப் பொறுமையில்லை.)

சரி, கேள்விக்கு வருகிறேன். அந்தக் கதவை அடைக்கிற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்குக் காய்ச்சல் ஏறியது, சுடுவதும் சரியாகத் தெரியாமல் போனது என்று நீதான் சொன்னாய். எனக்கது புதினமில்லை. 2009இல் காலை எடுத்ததிலிருந்து முனையில் ஒரு பக்கம் விறைப்பு. போன மாரியில் ஒரு பின்னேரம் பொய்க்காலைக் கழற்றினால், மேசு தோலோடு ஒட்டிக்கிடந்தது. இளஞ்சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் அம்மா பிரித்தா. உள்ளே பெருவிரல் நகமளவு புண், சீழ் வேறு. நாள் முழுக்க அதோடுதான் தோட்டத்தில் நின்றிருக்கிறேன். துளி நோவில்லை. உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், இப்போது நானே சொல்லிவிட்டேன்.

ஆனால் இல்லாத காலின் பெருவிரல் இருக்கிறதே, அதை இரவில் யாரோ குறட்டால் பிடித்து முறுக்குகிற மாதிரி இருக்கும். விரலே இல்லை, பிறகெங்கே கதவு? வெட்டுப்பட்ட நரம்பு தன்பாட்டில் செய்தி அனுப்பும், மூளையும் அந்தக் காலை மறக்காது என்று நீ சொன்னது பாதிதான் விளங்கியது.

ஆகவே எல்லா நோவையும் அடைக்கிற மருந்து எனக்கு வேண்டாம். அந்த விரலை மட்டும் விடச்செய்கிற மருந்தென்றால் முதல் ஆளாய் வருவேன்.

செத்தல் 2 கிலோ கட்டி வைத்திருக்கிறது. போன முறை அனுப்பின தூளில் பாதியை லாப்புக்குக் கொண்டுபோனாயாமே, அம்மா இன்னும் கோபம். இது கறிக்கு.

அப்பா