சாய்ந்த வேம்புக்கு எந்த ஆப்பு

மச்சான்,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரி கூட எழுதவில்லை, திட்டாதே. அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை, சின்னவள் காட்பாடியில் கல்லூரி சேர்ந்துவிட்டாள், ஊர்க்கதை பேசுகிற நம்ம ‘ரேடியோ’ அதே ரேடியோதான். குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் அவன் என்னைப் பிடித்துக்கொண்டு, நீ கொட்டகைப் பக்கம் சாய்ந்த வேம்பை வர்ற ஞாயிறு தம்பியை வைத்து செயின் ரம்ப மெஷினில் அறுக்கப் போகிறாய், மரத்தை எதிர்ப்பக்கம் தள்ளக் கொல்லன் பட்டறையில் இரும்பு ஆப்பு அடிக்கச் சொல்லியிருக்கிறாய் என்றான். அவன் பேச்சில் பாதியைத் தள்ளினாலும் மீதிப் பாதி என்னைத் தூங்க விடவில்லை.

இரும்பை விட்டுவிடு. உன் அப்பா இழுப்பு ரம்பத்துக்குப் போட்டார், அது வேறு. ஓடுகிற செயின் இரும்பில் ஒரு தடவை பட்டால் பல் போகும், செயினே அறுந்து வரலாம். பிளாஸ்டிக் ஆப்பு வாங்கு, இல்லையென்றால் காய்ந்த கருவேலத்தில் செதுக்கிக்கொள். தவறிப்போய்ச் செயின் பட்டாலும் ஆப்புதான் அறுபடும். அடிமரத்தின் குறுக்களவு ஒரு அடிக்குள் என்றால் ஐந்தரை அங்குல ஆப்பு போதும், நீளமானது உள்ளே போய் ரம்பத்தின் பட்டையில், அதாவது செயின் சுற்றி ஓடுகிற தகட்டில், இடிக்கும். உன் வேம்பு இரண்டடி இருக்குமே, அதற்குப் பத்து, பன்னிரண்டு அங்குலத்தில் இரண்டு வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி அடி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் வழுக்கி வெளியே தெறிக்கும், அதிலும் மழைக்கு அப்புறம் ஈரம் ஊறிய மரத்தில்.

ஆனால் எந்த ஆப்பு வாங்கினாலும் அது எவ்வளவு தூக்கும் என்பதுதான் எனக்குக் கவலை. மரம் நாற்பது அடி உயரம் என்று வை. மரம் மடிந்து விழுவதற்குக் கீலாக அறுக்காமல் நிற்க விடுகிற கட்டைக்கும் ஆப்புக்கும் நடுவே இருபது அங்குலம். ஆப்பு ஒரு அங்குலம் தூக்கினால் உச்சி இரண்டடி நகரும், அவ்வளவுதான். பன்னிரண்டு அங்குல ஆப்பு ஏறக்குறைய அந்த ஒரு அங்குலம்தான் தரும். உன் மரத்தின் தலை கொட்டகைப் பக்கம் நான்கடி தள்ளியிருந்தால் நீ சம்மட்டியால் நாள் முழுக்க அடித்தாலும் அது எதிர்ப்பக்கம் போகாது, கீல் கிழிந்து கொட்டகை மேல்தான் உட்காரும். மாடு உள்ளே இருந்தால் என்ன ஆகும், யோசி.

அதனால் வெட்டுவதற்கு முன்னால் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, தள்ளி நின்று நூலைத் தொங்கவிட்டுப் பார். இரண்டு பக்கத்திலிருந்தும் பார். பாலாற்றுப் பக்கம் நின்றால் நேராகத் தெரிகிற மரம் ரோட்டிலிருந்து சாய்ந்திருக்கும். கொட்டகைப் பக்கத்துக் கிளைகளை முதலில் கழித்துவிடு, பாதிச் சுமை அங்கேதான் தொங்குகிறது. அப்புறமும் சாய்வு இருந்தால் உச்சியில் வடக்கயிறு கட்டிச் செயின் பிளாக் (பாரம் இழுக்கிற சங்கிலிக் கப்பி) போட்டு இழுக்க வேண்டும். அப்போது ஆப்பு துணைக்குத்தான்.

விழ வேண்டிய பக்கம் வாய் மாதிரி ஒரு வெட்டு எடுத்து, பின்னால் அறுக்கும்போது ரம்பப் பட்டைக்குப் பின்னே இடம் கிடைத்த உடனே ஆப்பைச் செருகிவிடு. மரம் உட்கார்ந்து ரம்பத்தைக் கவ்விய பிறகு செருகப் பார்த்தால் நடக்காது. கீல் இரண்டரை அங்குலம் நிற்கட்டும், அதைத் தாண்டி அறுக்காதே. அடிக்கும்போது மெஷினை அணைத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டே அடி. வேம்பில் காய்ந்த கிளை எப்போதும் இருக்கும், சம்மட்டி அதிர்ச்சியில் அது தலையில் விழுந்த கதை இரண்டு ஊரில் எனக்குத் தெரியும். ஹெல்மெட் இல்லாமல் தம்பியைக் கிட்டே விடாதே. மின்கம்பி பக்கத்தில் போகிறது, லைன்மேனிடம் சொல்லிக் கரண்டை நிறுத்து.

நூல் பிடித்த உடனே எத்தனை அடி என்று போன் பண்ணு. இரண்டடிக்கு மேல் என்றால் ஞாயிறு வேண்டாம், ஒடுகத்தூர்ப் பக்கம் மரம் இறக்கும் ஆட்களைக் கயிறோடு கூட்டிக்கொண்டு அடுத்த வாரம் நானே வருகிறேன். அண்ணியிடம் சாப்பாடு மட்டும் சொல்லி வை.

உன் மச்சான்