பாறை ஓவியங்களில் தண்ணீர் தெளிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் வாரவெளியீட்டில் வந்த, அநுராதபுர மாவட்டத்துத் தந்திரிமலை பற்றிய பயணக் கட்டுரை, அங்குள்ள பாறை ஒதுக்கில் இலங்கையின் ஆதிவாசிகளான வேடர்கள் வரைந்த உருவங்களை நான்கே வரிகளில் முடித்துவிட்டு, அவற்றின்மீது சிறிது தண்ணீர் தெளித்தால் கைத்தொலைபேசியில் படம் தெளிவாக விழும் என்ற யோசனையையும் தந்திருந்தது. பெருங்கேடு விளைவிக்கக்கூடிய யோசனை என்பதால் இதை எழுதுகிறேன்.

சீகிரியா ஓவியங்கள் சுதை பூசிய பரப்பில் தீட்டப்பட்டவை. 1967 இல் விஷமிகள் அவற்றின்மீது பச்சை வர்ணத்தைப் பூசியபோது, லூசியானோ மரன்சி என்ற இத்தாலிய நிபுணரின் உதவியோடு அவற்றை மீட்க முடிந்தது. வேடர்களின் உருவங்களுக்கு அந்த வாய்ப்பு அரிது. சாம்பலை உள்ளங்கையில் எச்சிலால் குழைத்து, ஆட்காட்டி விரலால் பெண்களே இவற்றை வரைவார்கள் என்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு ஆய்வு செய்த செலிக்மன் தம்பதியரிடம் வேடர்கள் கூறியிருக்கிறார்கள். அடியில் சுதையும் இல்லை, மேலே பூச்சும் இல்லை. வெறுங்கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பல்தான். அதன்மேல் ஒருவர் வெண்கட்டியால் பெயரெழுதிவிட்டால், அந்தக் கிறுக்கலைத் துடைக்கப் போகிறவர் ஓவியத்தையும் சேர்த்தே துடைத்துவிடுவார்.

தண்ணீரும் அப்படித்தான். நனையும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பு கரைந்து, காயும்போது மேற்பரப்புக்கு வந்து வெள்ளையாகப் படிகிறது. நாளடைவில் கல்லின் தோலே செதில் செதிலாக உரிகிறது. மங்கிய கோடுகளைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் சாதாரணமாக ஒரு படம் எடுத்து வந்து, ‘டி-ஸ்ட்ரெச்’ போன்ற மென்பொருளில் நிறங்களைப் பிரித்துப் பார்க்கலாம். உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்று அதைத்தான் செய்கிறார்கள்; கல்லைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

பழங்கால ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகையை 1963 இல் பூட்டியதுபோல எங்கள் ஒதுக்குகளைப் பூட்ட முடியாது. ஒரு பக்கம் முழுவதும் திறந்தவை அவை. மழைநீர் உள்ளே வழியாமல் தடுப்பதே முதல் வேலை. பிக்குகளுக்குத் தானமளிக்கப்பட்ட குகைகளின் நெற்றியில், வீட்டுக் கூரைக்குப் பீலி வைப்பதுபோல, நீர்வடி விளிம்பு வெட்டும் வழக்கம் இந்நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. அவுஸ்திரேலியாவின் கக்காடு வனப்பூங்காவில் பாறையை வெட்டாமல், ஓவியங்களுக்கு மேலே சிலிக்கோனால் மெல்லிய வரம்பு இட்டு நீரைத் திருப்புகிறார்கள். அதிகம் செலவாகாத இந்த முறையை தொல்பொருள் திணைக்களம் இங்கும் பரீட்சித்துப் பார்க்கலாம். கூடவே குளவிக்கூடுகளையும் கறையான் புற்றுகளையும் பயிற்சி பெற்றவர்களே அகற்ற வேண்டும். ஆர்வக்கோளாறில் யாரும் சுரண்டக் கூடாது.

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இத்தகைய சின்னங்களைச் சேதப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஆயினும் காட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாறைக்கும் காவலரை நிறுத்துவது நடக்கிற காரியமல்ல. அயற்கிராமத்தவர் சிலருக்குக் கொடுப்பனவோடு பொறுப்புக் கொடுத்து, ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து ஒரே அளவில் படமெடுத்து வைத்தால், எந்த உருவம் எவ்வளவு மங்குகிறது என்றாவது தெரியவரும். கொழும்பில் கூடும் ஆலோசனைக் கூட்டங்களைவிட அதற்கே பயன் அதிகம் என்பது என் எண்ணம்.

பாடசாலை விடுமுறை நெருங்குகிறது. கொழும்பிலிருந்து வான்களில் புறப்படும் குடும்பங்கள் தங்கள் கட்டுரையைக் கையில் வைத்திருக்கும். ஆகவே அடுத்த வெளியீட்டிலேயே, அதே பக்கத்தில், தண்ணீர் யோசனையை மீளப்பெற்றுத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.