மூன்று நிமிடமும் ஒரு குறிஞ்சியும்

கொடைக்கானல்
28.10.2025

அன்புள்ள நாலாம் போர்டுக்கு,

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உன் பக்கத்துப் போர்டில் உட்கார்ந்து கால் இணைத்த மூன்றாம் போர்டு எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம், என் முழங்காலைத் தவிர. உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் போடவில்லை என்று நீ திட்டிக்கொண்டிருப்பாய், தெரியும். தீபாவளிக்கு மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். அவர்கள் கிளம்பிய பிறகுதான் பேனாவைத் தேடவே முடிந்தது. வெளியே ஒரே மூடுபனி. நாலு நாளாகக் கொடியில் கிடக்கிற துணி இன்னும் காய்ந்தபாடில்லை. முறுக்கு மட்டும் இந்தத் தடவை நமுத்துப் போகாமல் தப்பியது. டப்பாவைச் சுற்றித் துணி கட்டி அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டேன்.

முழங்கால் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் மலை இறங்கி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டோக்கன் கொடுத்து உட்கார வைத்தார்கள். "டாக்டர் இதோ வந்துட்டார்மா" என்று அந்தப் பெண் நாலு தடவை சொன்னாள், நாலு தடவையும் சிரித்துக்கொண்டே. என்னைக் கூப்பிட்டபோது பேத்தி கைப்பேசியைப் பார்த்து, "பாட்டி, ரெண்டு மணி நாற்பது நிமிஷம். இதுக்குள்ள டைட்டானிக் முழுசா முழுகிடுச்சு" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உண்மைதானாம். இரவு 11:40-க்குப் பனிப்பாறையில் இடித்தது, 2:20-க்குக் கடலுக்கடியில் போய்விட்டது. அத்தனை பெரிய கப்பலுக்கு ஆன நேரம்தான் எனக்கு இரண்டு நிமிட வைத்தியத்துக்கும் ஆனது.

அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவள் இன்னொன்று சொன்னாள். கிளியோபாத்ரா வாழ்ந்த காலம், பிரமிடு கட்டின காலத்தைவிட மனிதன் நிலாவில் இறங்கின காலத்துக்குத்தான் பக்கமாம். நான் நம்பவில்லை. எகிப்து என்றாலே எல்லாம் ஒரே கூடையில் கிடப்பதாகத்தானே நம் நினைப்பு. வீட்டுக்கு வந்ததும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். பெரிய பிரமிடு ஏறக்குறைய கி.மு. 2560. கிளியோபாத்ரா இறந்தது கி.மு. 30. நடுவில் 2530 வருடம். அங்கிருந்து 1969-க்கு 1999 வருடம் என்று எழுதினேன். பேத்தி பென்சிலைப் பிடுங்கி 1998 என்று திருத்தினாள். கி.மு. 1 முடிந்தால் நேராக கி.பி. 1 தானாம், நடுவில் பூஜ்யம் என்று ஒரு வருடமே கிடையாதாம். அறுபத்தொன்பது வயதில் கழித்தல் கற்றுக்கொள்கிறேன் பார்.

சரி, எகிப்து நமக்கு எதற்கு என்று நம் ஊர்ப் பக்கம் வந்தேன். நம் மலையடிவாரத்தில், பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் இருக்கிறதே, அங்கே தோண்டியபோது ஈமக்குழியில் ஒரு ஜாடி நிறைய நெல் கிடைத்தது. அதைக் கி.மு. 490 என்று கணித்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1010. அந்த நெல்லை ஜாடியில் போட்டு மூடின கைக்கும் கோயிலுக்கும் நடுவில் 1499 வருடம். கோயிலுக்கும் நமக்கும் 1015 தான். ராஜராஜனுக்கே அந்த நெல், நமக்கு அவன் இருப்பதைவிடப் பழைய சங்கதி.

அதேபோல வாஸ்கோடகாமா. 1498-ல் கோழிக்கோட்டில் வந்து இறங்கினான். பள்ளிக்கூடப் பாடத்தில் அவன் நம் பக்கத்து ஆள், ராஜராஜன் அந்தப் பக்கத்து ஆள். கணக்குப் போட்டால் காமாவிலிருந்து பெரிய கோயில் 488 வருடம், நாம் 527 வருடம். அவன் நம்மைவிட ராஜராஜனுக்குத்தான் அருகில் நிற்கிறான். எனக்கு அதிகம் உறைத்தது இதுதான். ஏனென்றால் மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் ஏறி அவனுக்குப் பிறகு வந்தது. பெரிய கோயில் கட்டினவர்களுக்கு மிளகுதான் காரம். தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. அன்று ரசம் வைக்கும்போது காய்ந்த மிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்டேன், அது கறுத்து உப்பி நெடி ஏறும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் உள்ளே வந்து, "என்னம்மா, தீயுது" என்றாள்.

உருளைக்கிழங்கு என்றதும் உன் ஊர் ஞாபகம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் துரை உன் கோத்தகிரிக்கு வந்தது 1819. நீ தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற கன்னேரிமுக்கு பங்களா அவருடையது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஏறியது 1899. அதே வருடம்தான் இங்கே வானாய்வகம் தொடங்கியது. இப்போது கேள். நாம் இரண்டு பேரும் பிறந்தது 1956. அங்கிருந்து பின்னால் ரயிலுக்குப் போனால் 57 வருடம். முன்னால் இன்றைக்கு வந்தால் 69. நாம் பிறந்த நாள், கைப்பேசியும் கையுமாக இருக்கிற இந்த நாளைவிட அந்த நீராவி இன்ஜின் முதன்முதலில் பல்சக்கரத்தில் மலை ஏறின நாளுக்குப் பக்கம். நம்மைப் பார்த்தால் அப்படியா இருக்கிறது? (பதில் சொல்லாதே.)

இதற்குப் பேத்தி ஒரு சூத்திரம் வைத்திருக்கிறாள். உன் வயதை எடுத்துப் பிறந்த வருடத்திலிருந்து கழி. எனக்கு 1956-ல் 69 போனால் 1887. கணித மேதை ராமானுஜன் பிறந்த வருடம்! அவர் பிறந்ததற்கும் இன்றைக்கும் நட்டநடுவில் நாம் பிறந்திருக்கிறோம். உனக்கும் அதே கணக்குதான்.

அவளையும் விடவில்லை நான். அவள் 2011-ல் பிறந்தவள். 1983-ல் கபில்தேவ் கோப்பை வாங்கியது, நாம் எக்ஸ்சேஞ்சில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது, நேற்றுப்போல இருக்கிறது. அது அவள் பிறப்பதற்கு 28 வருடம் முந்தியது. நாம் பிறப்பதற்கு 28 வருடம் முந்திப் போனால் 1928, சைமன் கமிஷன் பம்பாயில் வந்து இறங்கின வருடம். கபில்தேவ் அவளுக்கு சைமன் கமிஷன். நிலா இன்னும் மோசம். 1969 ஜூலை 21 காலை, பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில், ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தார். எனக்குப் பதின்மூன்று வயது. அதற்கு 56 வருடம் ஆகிறது. அன்றைக்கு நான் 56 வருடம் பின்னால் பார்த்திருந்தால் 1913, தாகூருக்கு நோபல் பரிசு கிடைத்த வருடம். முதல் உலகப் போரே வரவில்லை. அப்போது 1913-ஐப் பற்றி யாராவது பேசினால் நான் கொட்டாவி விட்டிருப்பேன். நிலாக் கதையைக் கேட்டு அவள் கொட்டாவி விட்டதற்குப் போன வருடம் நான் கோபித்துக்கொண்டேன், பாவம்.

சின்ன நேரங்களுக்கு நம்மிடம்தான் அளவுகோல் இருக்கிறதே. வெளியூருக்குப் போடுகிற ஒரு டிரங்க் கால், மூன்று நிமிடம்! பிளக்கைச் செருகி, சாவியைத் தள்ளி, டிக்கெட்டில் நேரத்தைக் குறித்து, "மூணு நிமிஷம் ஆச்சு சார், தொடரலாமா?" என்று நடுவில் நுழைவோமே. முதல் நிமிடம் "ஹலோ, கேக்குதா"விலேயே போய்விடும். இரண்டாவது நிமிடம் கொடைக்கானலில் குளிர் எப்படி என்பதில் போகும். விஷயத்துக்கு வரும்போது இருபது வினாடிதான் மிச்சம் இருக்கும். யாருக்கோ குழந்தை பிறந்ததும் யாரோ போய்ச் சேர்ந்ததும் அந்த இருபது வினாடியில்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் ரைட் சகோதரர்களின் முதல் பறத்தல் வெறும் 12 வினாடி. ஒரு டிரங்க் காலுக்குள் பதினைந்து தடவை பறந்திருக்கலாம். சூரிய வெளிச்சம் நம் வானாய்வகத்துத் தொலைநோக்கிக்கு வந்துசேர எட்டு நிமிடம் இருபது வினாடி, ஏறக்குறைய இரண்டே முக்கால் டிரங்க் கால். ககாரின் விண்வெளிக்குப் போய்த் திரும்பியது 108 நிமிடம், முப்பத்தாறு டிரங்க் கால். ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவில் நடந்தது இரண்டரை மணி நேரம். அதற்கு டிரங்க் கால் கணக்கு வேண்டாம். வத்தலக்குண்டில் பஸ் ஏறிக் கொடைக்கானலில் இறங்கினால் சரியாக இருக்கும், வழியில் யாரும் வாந்தி எடுக்காமல் இருந்தால்.

பெரிய நேரத்துக்கு இந்த மலையிலேயே அளவுகோல் இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பூக்கிற குறிஞ்சி எத்தனை தடவை பூத்தது என்று வைத்து இந்த மலைப் பழங்குடிகளான பளியர்கள் வயது சொல்வார்கள் என்று நம் சூப்பர்வைசர் சொல்வாரே, அதை எடுத்துக்கொண்டேன். 1838-லிருந்து பூத்த வருடங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிக்கொண்டே போ, 2018 பதினாறாவது. பதினாறே பூ! அந்தப் பதினாறுக்குள் 1857 கலகம், காங்கிரஸ், இரண்டு உலகப் போர், காந்தி, சுதந்திரம், உன் கல்யாணம், என் கல்யாணம் எல்லாம் அடங்கிவிட்டன. பாரதி உயிரோடு இருந்தபோது பூத்தது மூன்று தடவை. ராமானுஜனுக்கு இரண்டு. நமக்கு ஆறு, முதல் தடவை தொட்டிலில் கிடந்தோம், அதையும் சேர்த்து. பெரிய கோயில் எண்பத்து நாலரைக் குறிஞ்சிக்கு முந்தியது. இப்படிச் சொன்னால் ஆயிரத்துப் பதினைந்து என்பதைவிட எனக்குப் பிடிபடுகிறது, ஏன் என்று தெரியவில்லை.

1982 ஞாபகம் இருக்கிறதா? நைட் டியூட்டி முடிந்து, கண் எரியக் குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் நடந்தோமே. நீ ஒரு கொத்தை ஒடித்து என் தலையில் செருகினாய். அதிலிருந்த தேனீ என் காதில் கொட்டி, இரண்டு நாள் ஹெட்செட் மாட்ட முடியாமல் லீவு போட்டேன். அதற்கு நீ இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்புறம் 1986-ல் ஹாலி வால்நட்சத்திரம் பார்க்க மொட்டைமாடியில் குளிரில் நின்றோம். "அதோ" என்று நீ காட்டியது ஏதோ ஒரு எஸ்டேட் விளக்கு. 1910-ல் அது வந்தபோது இங்கே குறிஞ்சியும் பூத்திருந்தது. அடுத்து வருவது 2061, பேத்திக்கு ஐம்பது வயது. அது ஒவ்வொரு நாளும் நம்மைவிட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருப்பதாக நினைத்திருந்தேன். 2023 டிசம்பரிலேயே கடைசித் தொலைவைத் தொட்டுத் திரும்பிவிட்டதாம். இப்போது இந்தப் பக்கம் பார்த்து வந்துகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தபோதுதான் அந்தக் கணக்கும் வந்து விழுந்தது. 1978-ல் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். 1990-ல் நீ மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். பன்னிரண்டு வருடம், சரியாக ஒரு குறிஞ்சி. நீ போனபோது நமக்கு வயது 34. நீ போய் 35 வருடம் ஆகிறது. பஸ் ஸ்டாண்டில் உன் டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றின அந்த நாள், இன்றைக்கு இருப்பதைவிட நாம் பிறந்த நாளுக்குப் பக்கம். நோட்டை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நேரில் பார்த்தது அதற்குப் பிறகு நாலே தடவை, அதில் இரண்டு தடவை சாவு வீட்டில்.

2030-ல் அடுத்த பூ. நமக்கு 74. அதுவரை காத்திருக்க வேண்டாம், ஏப்ரலில் சீசன் கூட்டம் ஆரம்பிப்பதற்குள் வா. என் காலால் கோத்தகிரி வளைவுகள் ஆகாது, உன் கால் எப்படி? பச்சைத் தேயிலை விலை இப்போதாவது கட்டுப்படியாகிறதா, அதையும் எழுது.

தங்கை மகன் வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் வருகிறான். அவனிடம் இரண்டு கிலோ பூம்பாறைப் பூண்டு கொடுத்துவிடுகிறேன், உன் மகனை அனுப்பி வாங்கிக்கொள். திரும்பும்போது அவன் கையில் வர்க்கி கொடுத்து அனுப்பு, போன தடவைபோல நொறுங்கினதை வேண்டாம். பூண்டைப் பையோடு மூலையில் வைத்துவிடாதே, தாளோடு கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடு, இல்லையென்றால் முளைவிட்டுவிடும்.

உன்,
மூன்றாம் போர்டு