பத்தடிப் படகு வேண்டாம், மக்கா

உவரி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

அமெரிக்காவில் மினசோட்டா ஏரியில் வாத்து வேட்டைக்கு வாங்கலாம் என்று நீ அனுப்பிய இரண்டு கயாக் (ஒடுக்கமான சின்னத் துடுப்புப் படகு) படத்தையும் பார்த்தோம். 10 அடி நீளம், 28 அங்குல அகலம் உள்ளதை விட்டுவிடு. ஏரியில் சும்மா துடுப்புப் போட்டு வர அது போதும், வாத்து வேட்டைக்கு ஆகாது. 12 அடி, 34 அங்குலக்காரனை வாங்கு.

முதலில் பாரத்தைக் கூட்டிப் பார். கனத்த உடுப்போடு நீ 85 கிலோ. துப்பாக்கியும் தோட்டாவும் 6. வாத்தை ஏமாற்றி இறங்கவைக்க மிதக்கவிடும் பொம்மை வாத்து ஒரு டஜன், ஈயக்கட்டி சேர்த்து 10. நங்கூரம், கயிறு, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் 7. ஆக 108 கிலோ. படகில் ஒட்டியிருக்கும் சீட்டில் போட்ட எடை, கிட்டத்தட்ட முங்குகிற அளவு. அதில் மூன்றில் இரண்டு பங்குதான் நம் கணக்கு. சின்னதில் 135 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் 90. நீயும் துப்பாக்கியும் ஏறினாலே தாண்டிவிடும். பெரியதில் 180, அதாவது 120. தாராளம். ஆனால் நாயையும் ஏற்றினால் இன்னும் 30 கிலோ. அதற்குக் கயாக்கே வேண்டாம், 15 அடி கேனோ, அதாவது மேல் திறந்த பெரிய துடுப்புப் படகு பார்.

வாங்கியதும் கரையோரம் முழங்கால் தண்ணீரில் மிதக்கவிட்டு, 20 லிட்டர் தண்ணீர் கேன் ஐந்து ஏற்று. நீர் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடு. கயாக்கில் இரண்டு வகை. மேலே உட்கார்கிற வகையில் தளத்தில் ஓட்டை இருக்கும், தெறித்த தண்ணீர் வடிவதற்கு. பாரம் மிஞ்சினால் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே ஏறி உன் இருக்கை நனையும். அடைப்பான் போட்டால் உள்ளே விழுந்த தண்ணீர் வெளியே போகாது. பாரத்தைக் குறைப்பதுதான் வழி.

உள்ளே கால் நீட்டி உட்கார்கிற வகை குளிருக்கு இதம்தான். ஆனால் கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிறைந்துவிடும். நடு ஏரியில் தனியாளாய் இறைத்து முடியாது. மேலே உட்கார்கிற வகை என்றால் புரட்டி நிமிர்த்தித் திரும்ப ஏறலாம். ஒரு தடவை கோடையிலேயே ஏறிப் பழகு. மினசோட்டா தண்ணீர் நம் கார்த்திகை மழை இல்லை. விழுந்ததும் முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், பத்து நிமிடத்துக்குள் விரல் மரத்துவிடும். அதனால் லைஃப் ஜாக்கெட் படகில் கிடந்து பயனில்லை, உன் மேல் இருக்கவேண்டும்.

சுடும்போதுதான் பலர் கவிழ்கிறார்கள். பக்கவாட்டில் சுட்டால் துப்பாக்கி உதைக்கிற உதையில் படகு உருளும். அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு நேரே சுட்டால் படகு பின்னே நகரும், அவ்வளவுதான். நீ வலக்கைக்காரன்; உட்கார்ந்தபடி இடப்பக்கம்தான் உடம்பு திரும்பும். ஆகவே பொம்மைகளுக்குச் சற்று வலப்பக்கம் பார்த்து அணியத்தை நிறுத்து. நாணலுக்குள் செருகி நிறுத்தினால் இன்னும் நல்லது. இருக்கையை உயர்த்தி வைக்காதே. எழுந்து நின்று சுடாதே. துடுப்புப் போடும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. நங்கூரக் கயிற்றை அணியத்திலோ பின்முனையான அமரத்திலோ கட்டு; நடு விலாவில் கட்டினால் காற்று படகைச் சாய்த்துவிடும்.

இன்னொன்று. அது பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், நம் ஃபைபர் வள்ளம் போல இல்லை. கீறலுக்குப் பயப்படாதே, ஆனால் விரிசல் விட்டால் ரெசின் பசையும் ஃபைபர் பாயும் அதில் ஒட்டாது. சூடுவைத்து உருக்கித்தான் ஒட்டவேண்டும். பெயிண்டும் உரிந்துவிடும். பளபளப்பில்லாத ஆலிவ் நிறத்திலேயே வாங்கு.

10 அடிக்கு மேல் போனால் மோட்டார் இல்லாவிட்டாலும் அங்கே பதிவு உண்டு. மாநில லைசென்ஸோடு வாத்து முத்திரையும் (வாத்து வேட்டைக்குத் தனியாக வாங்குகிற அனுமதி முத்திரை) எடு. ஈயக் குண்டு 1991 முதல் அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஆகாது, ஸ்டீல் குண்டு வாங்கு. கூந்தன்குளத்துக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடமாட்டார்கள், நீ அங்கே துப்பாக்கி தூக்குகிறாய். உன் அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. எனக்குப் படகு பற்றித்தான் பேச்சு.

கடைசியாக, அந்த 34 அங்குலத்தை விற்பவன் சொல்லி நம்பாதே. மேல் விளிம்பை அளந்து சொல்வார்கள். சாக்பீஸ் கோடு விழுந்த உயரத்தில் டேப் பிடித்து நீயே அளந்து எனக்கு எழுது.

அப்பா